காலண்டர் தாளில் மடித்த மாத்திரை

என் மருந்துக் கடையில் மாத்திரை மடிக்கவென்று காகிதம் வாங்கியதே கிடையாது. தை பிறப்பதற்குள் அரிசிக் கடை, நகைக் கடை, உரக் கடை என்று ஆளுக்கொரு தினசரி காலண்டர் கொடுத்துவிடுவார்கள். ஒன்றை மாட்டுவோம், மற்றதெல்லாம் பரணுக்குப் போய்விடும். அடுத்த வருடம் அதிலிருந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்து மாத்திரை மடிப்பேன். போன வருடத்து ராகு காலத்துக்குள் இந்த வருடத்துக் காய்ச்சல் மாத்திரை. யாரும் குறை சொன்னதில்லை.

கடை பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது. விசைத்தறி ஓட்டுகிறவர்கள், பஞ்சு லோடு ஏற்றுகிறவர்கள், மிளகாய் பொறுக்கப் போகிற பெண்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "மேலு வலிக்குது, ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு போடுங்க." செட்டு என்றால் நாலைந்து மாத்திரை சேர்ந்த ஒரு மடிப்பு. காய்ச்சல் மாத்திரை ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, மஞ்சளாகச் சத்து மாத்திரை ஒன்று. வலி கடுமை என்றால் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குட்டி வெள்ளை மாத்திரையும் சேரும். மற்றதெல்லாம் கூட வந்த ஆட்கள்தான், வேலை செய்வது அந்தக் குட்டி மாத்திரை. காலையில் நொண்டிக்கொண்டு வந்தவன் சாயங்காலம் நிமிர்ந்து நடப்பான். "உங்க கைராசி" என்பான்.

அது கைராசி அல்ல, ஸ்டீராய்டு. டாக்டர் எழுதித் தராமல் கொடுக்கக் கூடாது, நாள்பட்டுக் கொடுக்கவே கூடாது. நான் மருந்தியல் படித்துப் பட்டயம் வாங்கியவன். அந்தப் பட்டயத்தைக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறேன். ஆகவே தெரியாமல் கொடுத்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி கிடையாது.

என் அக்காவுக்கு அதை எட்டு வருடம் கொடுத்தேன்.

அக்காவைத் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மச்சானுக்கு ஊரிலேயே பலசரக்குக் கடை, கொஞ்சம் கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, மிளகாய். பெய்யாவிட்டால் கடை. அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதில் வாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல்களை விரிக்க முடியாது. சேலைக்குக் கொசுவம் வைக்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. மதுரையில் மூட்டு டாக்டர் கொடுத்த மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றார்கள். அது குமட்டலாகவும் இருந்தது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, திருச்சுழி பஸ்ஸில் ஏறி அருப்புக்கோட்டை டவுனுக்கு வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்டா தம்பி, ஊருக்கெல்லாம் மாத்திரை மடிக்கிற. எனக்கு ஒண்ணும் கிடையாதா?"

மடித்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது. "தம்பி, குடத்த நானே தூக்கி இடுப்புல வச்சிட்டேன்டா." போனிலேயே அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அந்த ஒரு போனுக்காகத்தான் அடுத்த எட்டு வருடமும் மடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடத்தில் அவளுக்கு சுகர் வந்தது. அந்தக் குட்டி மாத்திரை சுகரைக் கொண்டுவரும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு சுகர் மாத்திரை சேர்த்தேன். முகம் உருண்டு பளபளப்பானது. அதுவும் மாத்திரையின் வேலைதான். ஊரார் அதைச் செழிப்பு என்றார்கள். "மருந்துக் கடைக்காரன் அக்கா, மூஞ்சி எப்படிப் பூரிச்சிருக்கு பாரு." அவளுக்கு அதில் பெருமை. பூனைக்குப் பயந்து புலியிடம் போன கதையாக, வாதத்துக்குப் பயந்து என்னிடம் வந்தவள் அவள். மச்சான் மட்டும் கேலி செய்வார். "ஆயிரம் பேரக் கொன்னாத்தான் அரை வைத்தியனாம். மாப்ளைக்கு இன்னும் எத்தன பாக்கி?" எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

போன வருடம் மிளகாய்ப் பழம் எடுக்கிற சமயம். அக்காவுக்குத் தலைவலி என்றார்கள். வெயில் என்றேன். ஒரு வாரம் கழித்தும் விடவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும் என்றேன். பிறகு வாந்தி. பிறகு ஒரு நாள் போனில் என்னை "நீங்க" என்றாள். "நீங்க மொளகா ஏவாரிதான? அவுக கடையில இல்ல, பொறவு வாங்க." நான் சிரித்தேன். மச்சானும் பின்னாலிருந்து சிரித்தது கேட்டது. உடம்பெல்லாம் வேர்க்கும்படி நான் பயந்திருக்க வேண்டிய நேரம் அது. சிரித்துவிட்டு, சுகர் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

முந்நூறு இருந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. "சுகர் ஏறுனா இப்படித்தான் ஒளறுவாங்க" என்று எல்லோருக்கும் சொன்னேன்.

இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கம் சர்க்கரை வந்த மனிதனுக்கு வேறு நோய் வர உரிமை கிடையாது. கால் மரத்தால் சுகர். கண் மங்கினால் சுகர். கோபம் வந்தால் சுகர். புத்தி தடுமாறினால் அதுவும் சுகர். ஏற்கனவே ஒரு நோய் உள்ள வீட்டுக்குள் புது நோய் கதவைத் தட்டாமலே வந்துவிடுகிறது. வந்தது யார் என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை, பழைய ஆள்தான் என்று படுத்துக்கொள்கிறோம். அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். நானே முந்திக்கொண்டு "சுகர் முந்நூறு சார்" என்றேன். அவரும் ஒரு நாள் படுக்கவைத்து, ஊசி போட்டு, சுகரை இறக்கிவிட்டார். சுகர் நூற்றைம்பதுக்கு வந்த பிறகும் அக்கா என்னைப் பார்த்து, மிளகாய்க்கு என்ன விலை போடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம்.

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. அவள் முதலில் சுகரைப் பற்றிக் கேட்கவில்லை. தலைவலி எத்தனை நாளாக என்று கேட்டாள்.

"மூணு வாரமா" என்றார் மச்சான்.

"வாந்தி?"

"சுகருக்குன்னு நெனச்சோம்மா."

"சுகருக்கு முன்னாடி வேற என்ன இருந்துச்சு?"

"வாதம்" என்றார் மச்சான். உடனே என் பக்கம் கையைக் காட்டினார். "மருந்து விவரமெல்லாம் மாப்ளதான் பாக்குறாப்ல. மருந்துக் கடை வச்சிருக்காப்ல."

சுகர் மாத்திரைகளை அளவோடு ஒப்பித்தேன். டாக்டரம்மாவுக்குத் திருப்தி. "நல்லதாப் போச்சு. வாதத்துக்கு என்ன சாப்பிடுறாங்க?"

"வலிச்சா பாரசிட்டமால்" என்றேன்.

"ஸ்டீராய்டு ஏதாவது?"

"இல்லங்க மேடம்."

எனக்குப் பின்னால் மச்சானின் அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு காரில் வந்த கூட்டம் முழுவதும் நின்றது. அதற்காகச் சொன்னேனா, கடை உரிமத்துக்குப் பயந்து சொன்னேனா, அந்தப் பெண் என்னை மதித்துப் பேசியது போய்விடுமே என்று சொன்னேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு நொடிகூடத் தடுமாறாமல் சொன்னேன் என்பது மட்டும் தெரியும்.

ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் டாக்டரம்மா விடவில்லை. முதுகுத் தண்டிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். "மூளை உறையில கிருமி இருக்கான்னு அந்தத் தண்ணியிலதான் தெரியும். ஸ்கேன்ல தெரியாமலும் போகும்." கையெழுத்துப் போட ஒரு தாளை நீட்டினாள்.

மச்சான் தாளை வாங்கவில்லை. "முதுகுல ஊசி குத்துனா இடுப்புக்குக் கீழ வெளங்காமப் போயிரும்பாகளே" என்று என்னைப் பார்த்தார். அவருடைய அண்ணனும் பார்த்தார். அத்தனை பேருக்கும் நான்தான் பாதி டாக்டர். போடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போட்டிருப்பார்.

நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "காய்ச்சலே இல்லையே மேடம்."

முதலில் சொன்னது பொய். இது பொய்யில்லை, அதனால்தான் இது அதைவிட மோசம். அக்காவுக்கு மூன்று வாரமாக ஒரு நாள்கூடக் காய்ச்சல் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று அந்த இடத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். எட்டு வருடமாக அந்த மாத்திரை உள்ளே போன உடம்பில் காய்ச்சல் தலைகாட்டாது. உள்ளே தீப்பிடித்தாலும் வெளியே புகை வராது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுகிறவனைப் பற்றிச் சொல்வார்கள். நான் விளக்கோடு நின்று அடுத்தவரைத் தள்ளிவிட்டேன்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். ரத்தத்தில் உப்பு குறைந்திருக்கிறது, அதைச் சரிசெய்துகொண்டே பார்ப்போம், ஆனால் நீர் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள் என்றாள். மச்சான் இரண்டு நாள் பொறுத்துச் சொல்கிறோம் என்றார்.

இரண்டாம் நாள் அக்காவுக்கு ரத்த அழுத்தம் விழுந்தது. விழுந்தது என்றால் நர்ஸ்கள் ஓடுகிற அளவுக்கு. எழுப்பினால் கண் திறந்து மறுபடி மூடிக்கொண்டாள். சுகரும் சடாரென்று இறங்கியது. ஏன் என்று புரியாமல் ஒவ்வொரு பரிசோதனையாக எழுதினார்கள். எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அந்தக் குட்டி மாத்திரை அவளுக்கு உள்ளே போகவில்லை. எட்டு வருடம் தின்றதை ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு இப்படித்தான் சரியும். தாழ்வாரத்து முனையில் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு நின்றேன். பத்து அடி நடந்துபோய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மச்சான் காப்பி குடிக்க வரட்டும், அப்போது யாரும் பார்க்காமல் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மச்சான் வந்தார், குடித்தார். நான் போகவில்லை. என்னைப்போல ஒரு கோழையை நான் கண்டதில்லை.

மூன்றாம் நாள் காலையில் அக்கா மகள் வந்தாள். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். வீட்டிலிருந்து மாற்றுச் சேலை, துண்டு, பிளாஸ்க் எல்லாம் வயர்க் கூடையில் கொண்டுவந்திருந்தாள். டாக்டரம்மா அவளையும் கேட்டாள், அம்மா வேறு எதுவும் சாப்பிடுவார்களா, நாட்டு மருந்து, பொடி, லேகியம், எதுவானாலும் சொல் என்று.

"அதெல்லாம் இல்ல மேடம். மாமா மடிச்சுக் குடுக்குற மாத்திரை மட்டும்தான்" என்றாள். கூடைக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். "எங்க போனாலும் அம்மா இத எடுத்துக்கிட்டுத்தான் போவாங்க. அன்னைக்கு அவசரத்துல விட்டுட்டு வந்துட்டாக." அவள் குரலில் ஒரு ஒளிவுமறைவும் இல்லை. மாமன் கொடுத்ததில் மறைக்க என்ன இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

டப்பா நிறைய காலண்டர் மடிப்புகள். டாக்டரம்மா ஒன்றைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். தாளில் பெரிய எழுத்தில் பதினேழு என்று இருந்தது. பேனா முனையால் மாத்திரைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். குட்டி மாத்திரைக்கு வந்ததும் பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எத்தனை வருஷமா?"

"எட்டு."

"தினமுமா?"

"வலிக்கிற அன்னைக்கு..." என்று இழுத்தேன்.

"தினமும்தான மாமா" என்றாள் அக்கா மகள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திரும்பி நர்ஸிடம் ஒரு ஊசியைச் சொன்னாள். நான் மடித்துக் கொடுத்த அதே மருந்துதான், ஊசியாக. சாயங்காலத்துக்குள் அக்காவின் அழுத்தம் ஏறி நின்றது. அதற்கு முன்பே, அன்று மத்தியானமே, கையெழுத்துத் தாளை மறுபடி கொண்டுவந்தாள். மச்சான் பழக்கப்படி என்னைப் பார்த்தார். "போடுங்க மச்சான்" என்றேன். உடனே போட்டார். மூன்று நாள் தாமதத்துக்கும் அந்தக் கையெழுத்துக்கும் நடுவில் இருந்தது என் வாய் ஒன்றுதான்.

எடுத்த நீரில் தெரிந்துவிட்டது. மூளை உறையில் டிபி. காய்ச்சல் இல்லாமல் எப்படி என்று மச்சான் கேட்டார். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள். வாதத்துக்குச் சாப்பிட்ட மாத்திரை எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிட்டது, எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்த கிருமி எழுந்துவிட்டது, காய்ச்சலையும் அந்த மாத்திரையே அமுக்கிவிட்டது. டிபி மருந்தோடு சேர்த்து அதே மாத்திரையை அளவாக நாங்களும் கொஞ்ச நாள் கொடுப்போம், அப்போது அது மருந்து என்றாள். சொல்லும்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மச்சானுக்கு அதில் பாதிதான் விளங்கியது.

பிறகு தனியாகப் போய்க் கேட்டேன். "இந்த மூணு நாள்ல எதுவும் கெட்டிருக்குமா மேடம்?"

"அத யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றாள். கன்னத்தில் அறைந்திருந்தால் ஊருக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அக்கா பிழைத்தாள். இரண்டு வாரம் கழித்து ஒரு காலை நான் கட்டிலுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். நேராக என் முகத்தைத்தான் பார்த்தபடி இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சுருக்கி, "தம்பியா? கடை வாசம் அடிக்குது. எப்படா வந்த?" என்றாள். கண் நரம்பு போய்விட்டது என்றார்கள். வெளிச்சம் இருட்டு தெரியும், அதற்கு மேல் இல்லை.

ஊரில் மச்சான் வேறு ஒரு கதை சொன்னார். "மாப்ள மடிச்சுக் குடுத்த மாத்திரையப் பாத்த பொறவுதான் டாக்டரம்மாவுக்கே நோயி புடிபட்டுச்சு. மாப்ள மட்டும் இல்லேன்னா இன்னைக்கு அவ இல்ல." அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு விளங்கியது அதுதான். கேலியையும் நிறுத்திவிட்டார். அரை வைத்தியன் என்று அழைத்தவர் இப்போது நான் வந்தால் எழுந்து நாற்காலி போடுகிறார். திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஆட்கள் என் கடை தேடி வந்தார்கள், அக்காவைப் பிழைக்க வைத்தவர் நீங்கள்தானா என்று. அந்தக் குட்டி மாத்திரையை நான் செட்டில் சேர்ப்பதை நிறுத்திவிட்டேன். வந்தவர்களும் பழைய ஆட்களும் இரண்டு நாள் தின்று பார்த்துவிட்டு, முன்னே மாதிரி வலி கேட்கவில்லை, கைராசி போச்சு என்று அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். அங்கே தாராளமாகக் கிடைக்கிறது.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். மச்சான் கடையில் இருந்தார். வீட்டில் அவள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்துப் பூரிப்பு வடிந்துவிட்டது. விரல்கள் பழையபடி மடங்கிக்கொண்டன. டிபி மருந்து முடிகிறவரை வாதத்துக்கு வலுவான மருந்து கொடுக்க முடியாது என்று மதுரையில் சொல்லியிருந்தார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். "அக்கா, நான் குடுத்த மாத்திரைதான்க்கா எல்லாத்துக்கும் காரணம்" என்றேன்.

அவள் அசையவில்லை. "தெரியும்டா" என்றாள். "புள்ள சொல்லிருச்சு. செல்லுல தேடிப் பாத்துச்சாம்."

நான் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"மச்சான்ட்ட ஒளறிவைக்காத. அவுக அண்ணன் தம்பிக்குத் தெரிஞ்சா ஒன்னய வாசப்படி மிதிக்க விட மாட்டாக. தையில புள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கு. தாய்மாமன் இல்லாம மணவறையில நிக்கச் சொல்றியா அவள?" பிறகு கையை நீட்டித் துழாவி என் முழங்கையைப் பிடித்தாள். "நீ என்ன, தெரிஞ்சா குடுத்த? தெரியாமத்தான குடுத்த."

கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற பட்டயம் என் கண்முன்னே வந்து நின்றது. தாழ்வாரத்தில் காப்பி டம்ளரோடு நின்றது வந்தது. காய்ச்சலே இல்லையே மேடம் என்றது வந்தது. தெரியும் அக்கா, எல்லாம் தெரிந்துதான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் என் பதிலுக்காகக் காதைத் திருப்பிக் காத்திருந்தாள்.

"ம்" என்றேன்.

முழங்கையை விட்டாள். "கண்ணு போனது போகட்டும்டா. காலையில இந்த வெரலு படுத்துற பாடு தாங்கல. அந்த மாத்திரை ஒண்ணே ஒண்ணு குடு. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

பையில் இருந்த பாரசிட்டமால் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். மடங்கிய விரலால் அதைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

"இது பெருசுடா" என்றாள்.